குணம் அண்ணையின் முயல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். உயிரோடு இருக்கிற மனிதரிடம் பட்டதே எனக்கு இந்தப் பிறவிக்குக் காணும், செத்தவர்களும் வரிசையில் வந்து பயங்காட்ட வேண்டுமா என்று பகிடி விட்டவன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான், ஒரு சொல் கூட்டவில்லை.

நான் ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருக்கிறேன், முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டுகிற வேலை. அதோடு எனக்கு வேட்டை அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. யாக்ட்ஷைன் என்பார்கள். இதைச் சொன்னவுடன் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், “உங்களுக்கேன் அண்ணை இந்த வேலை?” எனக்கேன் இந்த வேலை என்றால், குணம் அண்ணையால்.

குணம் அண்ணையும் நானும் இந்த நாட்டுக்கு ஒரே வருடம் வந்தவர்கள். அகதிகள் தங்கியிருந்த ஹைமில் பதினெட்டு மாதம் ஒரே அறை, ஒரே இரண்டடுக்குக் கட்டில், மேலே நான், கீழே அவர். என்னிலும் ஆறு வயது மூப்பு. பிறகு அவருக்கு நகரத்துக்கு வடக்கே அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்தது. பண்ணைக்காரர் ஹைன்ரிக், அந்தச் சுற்றுவட்டார வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவர்தான். நரி வந்து கோழியைத் தூக்கும். ஹைன்ரிக் நரி சுடப் போகும்போது இவரும் கூடப் போய், போய், கடைசியில் பெரிய புத்தகங்களைப் படித்துச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டார். அடுத்த வருடம் என்னையும் இழுத்துக்கொண்டு போய் எழுத வைத்தார். “ஞாயிற்றுக்கிழமையிலை கோயில் கொமிட்டிக்காரர் அடிபடுறதைப் பாக்கிறதிலும் பாக்க நரியைப் பாக்கலாம், வாடா” என்றார். அதில் பொய் இல்லை.

நரியைத் தேடிக்கொண்டு போய்ச் சுடுவதில்லை, அதைக் கூப்பிட்டுச் சுடுவது. உங்களுக்கு இது விளங்கினால்தான் மிச்சக் கதை விளங்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தை, மாசிக் குளிரில் நரிக்குப் பசி. முயல் ஒன்று அடிபட்டு அழுகிற சத்தத்தைக் கேட்டால் அரைக் கிலோமீற்றர் தூரத்தில் இருந்தும் வரும். முயல் சும்மா கத்தாது, சாகப்போகிற நேரம் மட்டும்தான் கத்தும், கைக்குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு ஊதுகுழல் விற்கிறார்கள். குணம் அண்ணைக்கு அது தேவையில்லை. புறங்கையை வாயில் வைத்துக் கத்துவார். மூன்று நீளமான அழுகை, கடைசியில் விக்கல் மாதிரி ஒரு முறிவு. அந்த விக்கல் வேறு யாருக்கும் வராது. எனக்கும் வரவில்லை, எத்தனை தரம் சொல்லித் தந்தும் என் முயல் கார் ஹோர்ன் மாதிரித்தான் கத்தியது. ஹைன்ரிக் தன் நண்பர்களிடம் ‘குணத்தின் முயல்’ என்றே சொல்லுவார்.

ஆகவே அவர் கூப்பிடுகிறவர், நான் சுடுகிறவன். இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வருகிற நரி சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வரும், அதனால் சுடுகிறவன் நாற்பது அடி தள்ளி, பக்கவாட்டில் இருக்க வேண்டும். பனிவயலின் ஓரத்தில் ஒரு முட்பற்றை, அது அவருடைய இடம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் விழுந்து கிடந்த மரக்குற்றி என்னுடைய இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய வேலிக்கட்டை. அந்தக் கட்டைக்கு இடப்பக்கம் நரி போய்விட்டால் துவக்கைத் தாழ்த்திவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் குணம் அண்ணை இருக்கிறார். பதினொரு வருடத்தில் ஒருநாளும் அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை.

கூப்பிடுவதற்கும் ஒரு முறை இருந்தது. “காத்து மூஞ்சியிலை அடிக்க வேணும், முதுகிலை அடிச்சால் வீட்டை போ. தூரத்திலை நிக்கிறதுக்குப் பலமாக் கத்து. கத்திப்போட்டுக் கால் மணித்தியாலம் அசையாமல் இரு. கிட்ட வர வரச் சத்தத்தைக் குறை. நல்லாக் கிட்ட வந்திட்டால் முயல் வேண்டாம், எலி மாதிரிக் கீச்சிடு, காணும். வந்து நிக்க வேண்டிய இடத்திலை நிண்டிட்டுதெண்டால் வாயை மூடு. அதுக்குப் பிறகு கூப்பிடுறவனுக்கு வேலை இல்லை.” திரும்பிப் போகிற நரிக்கு மட்டும்தான் திரும்பவும் சத்தத்தைக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் முந்தினதிலும் பார்க்கப் பலமாக. அது அநேகமாகச் சரிவராது. போக நினைத்தது போய்விடும்.

எலிச் சத்தம் உதட்டால் வருவது. புறங்கையில் உதட்டை ஒட்டி உறிஞ்சினால் கீச் என்று வரும், முத்தம் கொடுக்கிற மாதிரி. அதிலும் அவருக்கு மூன்று கீச்சும் ஒரு முறிவும்தான்.

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன். சொல்ல வெட்கம்தான். குணம் அண்ணையின் ஒரே மகளுக்கு வைகாசியில் கலியாணம். எங்கள் ஆட்களில் கலியாணம் சொல்வதென்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். புருசனும் பெண்சாதியும் வீடு தேடி வந்து, கதிரையில் உட்கார்ந்து, கார்ட்டைத் தட்டில் வைத்துக் கையில் தந்து சொல்ல வேண்டும். தூரத்துச் சொந்தத்துக்கே அப்படி. எனக்கு என்ன வந்தது? வட்ஸ்அப்பில் ஒரு படம். கீழே ஒரு வரி, ‘கட்டாயம் குடும்பமாக வரவும்.’ அவ்வளவுதான். கட்டிலுக்கு மேலே பதினெட்டு மாதம் படுத்தவனுக்கு, அவருடைய முதல் குளிர்சாதனப் பெட்டியை மூன்றாம் மாடிக்கு முதுகில் சுமந்தவனுக்கு, ஒரு படம்.

கலா, என் மனைவி, அவள்தான் முதலில் சொன்னாள். “ஒருவேளை பிறகு வருவினம், பாப்பம்.” நான்தான் விடவில்லை. இரண்டு கிழமை பார்த்தேன். பிறகு அவருக்கு ஒரு வரி எழுதினேன், ‘கலியாணத்துக்குச் சனம் கூடிப்போச்சு போல, எங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.’ பதிலாக அவர் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதைத் திறக்காமலே அழித்து, அவரைப் புளொக் பண்ணிவிட்டேன். கலியாணத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு வேண்டுமென்று மேலதிக வேலைக்குப் போனேன். என் புத்தி அப்படி.

வேட்டைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், தனியாக. ஹைன்ரிக்கிடம் குணம் அண்ணையைப் பற்றிக் கேட்கவில்லை, அவர் தானாக ஏதாவது சொல்ல வந்தாலும் கதையை மாற்றினேன். அவர் வருகிற நாளில் நான் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். வாங்கிய ஊதுகுழலால் நானே கூப்பிட்டு நானே சுட்டுப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க எனக்கு அகப்பட்டது ஒரேயொரு நரி, அதுவும் கிழட்டு நரி, காது கேட்டிருக்காது.

கார்த்திகை மாதம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவருடைய வீட்டு இலக்கம். மனம் இளகியது, பொய் சொல்ல மாட்டேன். எடுத்தேன். மறுபக்கம் ஒன்றுமில்லை, உஸ், உஸ் என்று காற்று. “ஹலோ” என்றேன். காற்று. பிறகு கீச், கீச், கீச், ஒரு முறிவு. எலிச் சத்தம்!

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. நரியைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிடுகிறார், வாயைத் திறந்து “தம்பி, பிழை விட்டிட்டன்” என்று சொல்ல ஏலாத மனிதர் எனக்கு நக்கலடிக்கிறார். “என்னை என்ன நரியெண்டு நினைச்சியளோ? மரியாதை தெரியாத மனிசன்!” என்று கத்திவிட்டு வைத்தேன். மார்கழியில் ஒருதரம் திரும்பவும் அழைத்தார். அதே காற்று, அதே கீச்சு. அன்றைக்குக் கெட்ட வார்த்தையே சொன்னேன். தையில் ஒருதரம் அடித்தது, நான் எடுக்கவில்லை. கலா எடுக்கப் போனாள், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

அதற்கு நாலாம் நாள், சனிக்கிழமை. ஹைன்ரிக்கின் பண்ணையில் அந்தக் கிழமை மட்டும் ஐந்து கோழி போயிருந்தது, ஒருக்கால் வந்து பாருங்கள் என்று கேட்டிருந்தார். பின்னேரம் மூன்றரைக்குக் காரைப் பாதையின் முனையில் விட்டுவிட்டு நடந்தேன். இரண்டு நாளாகக் கிடந்த பனி மேலே இறுகி, காலடிக்கு நொறுங்கியது. காற்று கிழக்கில் இருந்து மூஞ்சியில் அடித்தது, வேட்டைக்குத் திறமான காற்று. மரக்குற்றியில் குந்தி, ஊதுகுழலில் மூன்று தரம் ஊதினேன். கால் மணித்தியாலம் இருந்தேன். திரும்ப ஊதினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது, பற்றையின் ஒவ்வொரு முள்ளும் தெரிகிற வெளிச்சம், அதையும் சொல்லி வைக்கிறேன், இருட்டில் மயங்கிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

நாலரை இருக்கும். குழலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முட்பற்றைக்குள் இருந்து முயல் அழுதது.

உண்மையான முயலா என்று நினைக்க எனக்கு நேரம் தரவில்லை. மூன்று நீட்டு, ஒரு விக்கல். நான் அப்படியே உறைந்துபோனேன், பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். எனக்குச் சொல்லாமல் வந்து, நான் வருவதற்கு முன்னமே பற்றைக்குள் புகுந்து இருந்துகொண்டு, என் ஊதலைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இப்போது காட்டுகிறார் பார், எப்படிக் கூப்பிடுவதென்று. அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

நரி வந்தது. வயலின் மறுகரையில் இருந்து புறப்பட்டு நேரே வந்தது. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது, ஏனென்றால் நரி நேரே வராது. எவ்வளவு பசி என்றாலும் கடைசியில் ஒரு வட்டம் அடித்து, காற்றின் கீழ்ப்பக்கமாக வந்து, மனித மணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிட்ட வரும். இது வட்டம் அடிக்கவில்லை. அங்கே மணக்க ஆளே இல்லை என்பதுபோல வந்தது. நல்ல பெரிய கடுவன். துவக்கைத் தூக்கினேன். அது வேலிக்கட்டையைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டது. என் கை தானாகத் துவக்கைத் தாழ்த்தியது. மூளை என்னவோ நினைக்கட்டும், அங்கே அவர் இருக்கிறார் என்று என் கை நம்பிவிட்டது. நரி பற்றைக்கு முன்னால் போய்ப் பின்னங்காலை மடித்து இருந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டு நாய் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருக்குமே, அப்படி. பிறகு எழும்பி, மெல்ல நடந்து பற்றைக்குப் பின்னால் போய்விட்டது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழும்பினேன். அவருக்குக் கேட்கட்டும் என்று துவக்குக் குழாயைச் சடாரென்று மடித்துத் தோட்டாவை எடுத்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. திரும்பி, பனியை மிதித்து, காரை நோக்கி நடந்தேன். நான் போவதை அவர் பார்க்க வேண்டும், அதுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

இருபது அடி போயிருப்பேன், முயல் திரும்ப அழுதது. முதல் தடவை மெல்லமாகத்தான் இருந்தது, இப்போது பலமாக. நான் நிற்கவில்லை. பாதை பாதியில் இன்னொருதரம், இன்னும் பலமாக. காதுக்குள் குழந்தை அழுகிற மாதிரி இருந்தது, அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. கார்க் கதவைத் திறக்கிறபோது நாலாந்தரம். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தொண்டை கிழிகிற சத்தம். தூரத்தில் பண்ணை நாய் குரைக்கத் தொடங்கியது. “கத்து, நல்லாக் கத்து” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்து கலாவிடம் துள்ளினேன். “பாத்தியே, பற்றைக்குள்ளை ஒளிச்சிருந்து எனக்கு விளையாட்டுக் காட்டுறார்.” அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “ஒளிச்சிருந்தவரெண்டால் உங்களோடை கதைக்க வந்திருப்பார். நீங்கள் ஒருக்கால் கூப்பிட்டுப் பாத்திருக்கலாம் தானே” என்றாள். நான் சாப்பிடாமல் படுத்தேன்.

அடுத்தநாள் காலையே ஹைன்ரிக்கிடம் போனேன், முறைப்பாடு சொல்ல. யோசித்துப் பாருங்கள், முப்பது வருடச் சிநேகிதனை ஜெர்மன்காரனிடம் காட்டிக்கொடுக்கப் போகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் துவக்கோடு நிற்பது ஆபத்து, நீங்கள் அவரைக் கண்டிக்க வேண்டும் என்றேன். ஹைன்ரிக் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, குணம் கோடையிலேயே வேலையை விட்டு, வேட்டை நிலத்துப் படலைப் பூட்டின் திறப்பையும் திருப்பித் தந்துவிட்டாரே, தொண்டை சரியில்லை என்று சொன்னார், உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

“தொண்டை சரியில்லையோ? நேற்று நானே என் காதால் கேட்டேன், நல்லாகத்தான் இருக்கிறது” என்றேன்.

போய்ப் பார்ப்போம் என்றார். போனோம். என் சப்பாத்துத் தடம் பாதையில் இருந்து மரக்குற்றிக்குப் போய்த் திரும்பி வந்தது. நரியின் தடம் வயலைத் தாண்டிப் பற்றைக்கு நேரே போயிருந்தது, அது இருந்த இடத்தில் பனி கொஞ்சம் இளகி மட்டமாகியிருந்தது. பற்றையைச் சுற்றி, பற்றைக்குள், வாய்க்கால் கரையில், ஒரு மனிதத் தடம் இல்லை. இரவில் பனி விழுந்து மூடியிருக்கும் என்றேன். நரியின் தடத்தை மூடாமல் மனிதனின் தடத்தை மட்டும் மூடுகிற பனியை நான் இதுவரை கண்டதில்லை என்றார் ஹைன்ரிக்.

தொண்டை சரியில்லை என்று ஹைன்ரிக் என் முகத்துக்கு நேரே சொன்னார். தடம் இல்லை என்பதைக் கண்ணால் கண்டேன். அன்றைக்கே போயிருக்க வேண்டாமா? பண்ணையில் இருந்து அவர் வீட்டுக்கு இருபது நிமிடம். நான் போகவில்லை. வீடு வந்து சொல்லாதவரின் வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். இதைச் சொல்லும்போது என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையில் இருந்து ஒன்பதாம் நாள் குணம் அண்ணை செத்துப்போனார். ஒன்பது நாள். செத்த நேரத்தில் ஆவி வந்து கூப்பிட்டது என்கிற கதை இது இல்லை, கவனியுங்கள். நான் பற்றைக்குள் முயலைக் கேட்டபோது அவர் உயிரோடு, புத்தி தெளிவாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கோயிலுக்குப் போன கலாவிடம் யாரோ சொல்லி, அவள் அழுதுகொண்டு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செத்தவீட்டுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் போவார்கள், நானும் போனேன். இங்கே செத்தவீடு என்றால் சுடலை மண்டபத்தில் ஒன்றரை மணித்தியாலம், அதற்குள் தேவாரம், அழுகை, எல்லாம். பெட்டிக்குள் குணம் அண்ணை வேட்டி சால்வையோடு கிடந்தார். கழுத்தை மறைத்துச் சால்வையைச் சுற்றியிருந்தார்கள். அவருடைய மனைவி ராணி அக்கா என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

“வந்திட்டியளே தம்பி” என்றார். “பங்குனியிலையே தொண்டையிலை புற்றுநோய் எண்டு சொல்லிப்போட்டினம். குரல் அப்பவே கரகரத்துப் போச்சு. கலியாண நேரம் தகப்பனுக்கு இந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் மாப்பிளை வீட்டுக்காரர் என்ன சொல்லுவினமோ எண்ட பயம். வீடு வீடாப் போனால் குரலைக் கேட்டுச் சனம் கண்டுபிடிச்சிடும் எண்டு ஒருத்தற்றை வீட்டையும் போகேல்லை, எல்லாருக்கும் வட்ஸ்அப்பிலைதான் அனுப்பினவர். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி ஒரு வொய்ஸ் அனுப்பினவரே, நீங்கள் கேக்கேல்லையோ?”

தலையை ஆட்டினேன், எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

“புரட்டாதியிலை குரல்வளையை முழுசா எடுத்துப்போட்டினம். கழுத்திலை ஓட்டை, மூச்சு அதாலைதான். கதைக்கேலாது, கத்தேலாது. உதட்டாலை மட்டும் அந்த எலிச் சத்தம் போடுவார். என்னைக் கூப்பிடுறதும் அப்பிடித்தான், நேர்ஸுகளைக் கூப்பிடுறதும் அப்பிடித்தான். அவரிட்டை மிஞ்சின சத்தம் அதுதான் தம்பி. நான் கதைக்கிறன், தாங்கோ எண்டு ரெலிபோனைக் கேட்டனான், தரேல்லை. அவனுக்குக் கேட்டால் விளங்கும் எண்டு எழுதிக் காட்டினவர்.”

அந்தச் சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். ராணி அக்காவுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். “ஆஸ்பத்திரிக் கட்டிலிலைதான். யன்னலைப் பாத்துக்கொண்டு புறங்கையை வாயிலை வைச்சு என்னவோ செய்தவர். சத்தம் ஒண்டும் வரேல்லை. முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, நாலு தரம். நான் பயந்துபோய் நேர்ஸைக் கூப்பிட்டனான்.”

அங்கே சத்தம் வரவில்லை. இங்கே வந்தது. அதை நான் என்னவென்று சொல்ல? உங்களுக்கு ஏதாவது விளக்கம் தெரிந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

திரும்பி வருகிறபோது காரில்தான் எனக்கு உறைத்தது. முதல் அழைப்பு மெல்லமாக இருந்தது, நாற்பது அடியில் இருக்கிற ஒன்றுக்குக் கூப்பிடுகிற அளவில். வயலின் மறுகரையில் நிற்கிற நரிக்கு அந்தளவு போதாது. நான் எழும்பி நடந்த பிறகு ஒவ்வொருதரமும் கூடிக்கொண்டே போனது. திரும்பிப் போகிறதற்குத்தான் அப்படிக் கூப்பிடுவது. நரி தற்செயலாக வந்தது. அவர் நரியைக் கூப்பிடவே இல்லை.

துவக்கை விற்றுவிட்டேன். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவில்லை. கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன், மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருப்பேன்.

மூன்று கிழமைக்கு முன், காலைச் சாப்பாட்டு நேரம், கலா சொன்னாள். “இஞ்சேருங்கோ, குசினிக்குள்ளை எலி வந்திட்டுது போல. நாலைஞ்சு நாளாக் கீச்சிடுது. பொறி ஒண்டு வாங்கி வையுங்கோ.” அப்போதுதான் எனக்கும் கேட்டது, குளிர்சாதனப் பெட்டிப் பக்கம். பொறி வாங்கி, சீஸ் துண்டு வைத்து, பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். ஒன்றும் அகப்படவில்லை. எலிப் புழுக்கை இல்லை, அரிசிப் பையில் ஒரு கடி இல்லை. சீஸ் காய்ந்து கிடந்தது. நான் கலாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எலி மூன்று தரம் கீச்சிட்டு நாலாந்தரம் முறிக்காது.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வந்தது, ஒவ்வொரு நாளும் சத்தம் குறைந்தது. போன வியாழன் கலா வேலைக்குப் போய்விட்டாள், எனக்கு விடுமுறை. குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்தேன். யன்னலால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டது, அவ்வளவு மெல்ல, காதுக்கு மட்டும்.

“சொல்லுங்கோ குணம் அண்ணை” என்றேன். “நான் இஞ்சைதான் இருக்கிறன்.”

அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது ஒருதரமும் வாயில் வராத சொல் அவ்வளவு இலேசாக வந்தது. சத்தம் உடனே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை.

பொறிக்குப் பயந்து எலி ஓடிவிட்டது என்று கலாவுக்குச் சந்தோசம். எனக்கு இரண்டு நாள் ஆறுதலாகத்தான் இருந்தது, மன்னித்துவிட்டார் என்று நினைத்து அழுதும் விட்டேன். பிறகுதான் பதினொரு வருடம் கூட இருந்து பழகியது ஞாபகம் வந்தது. கூப்பிட்டது வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகுதான் குணம் அண்ணை வாயை மூடுவார், மிச்சம் சுடுகிறவனுடைய வேலை. பொறியை எடுத்து எறியச் சொல்லிக் கலா நேற்றும் சொன்னாள். கிடக்கட்டும் என்றேன், அந்தக் கதிரைக்கு முதுகைக் காட்டிக் குனிய எனக்கு மனம் வரவில்லை.